நேராக நின்ற சிவப்புக் குச்சிகள்

பப்புவா நியூகினியில், லே துறைமுகத்திலிருந்து மலைநாட்டுக்கு ஏறி வரும் நெடுஞ்சாலைக்கு மேலே, சரிவில்தான் கௌபாவின் கிழங்குத் தோட்டம். அன்றைக்கும் விடிந்ததும் வந்து பார்த்தான். பாறைக்கும் சவுக்கு மரத்துக்கும் நடுவே சாலைத்துறையினர் வரிசையாக அடித்திருந்த சிவப்புக் குச்சிகளில் நான்கு, ஒரு சாண் கீழே இறங்கி அவன் தோட்டத்துக்குள் நின்றன.

"மறுபடியும் நகத்திட்டானா அந்தத் திருட்டுப்பய போங்கேரே!" என்று பல்லைக் கடித்தான். மேல்நிலம் போங்கேரே வகையறாவுடையது. அந்தச் சிம்பு மலைநாட்டில் ஒரு முழ நிலத்துக்கு மண்டைகள் உடையும். கௌபா குச்சிகளைப் பிடுங்கினான். பாறைக்கும் சவுக்குக்கும் கயிறு கட்டி நேராக அடித்தான். மாதக்கணக்காக இதே வேலை. அந்தக் குச்சிகள் எதற்கென்று ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது அவன் பன்றி விருந்தில் இருந்தான். பிறகாவது யாரையாவது கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லை.

சவுக்குக்கு அந்தப் பக்கம் ஓடையில் கை கழுவக் குனிந்தபோது மலை உறுமியது. நிமிர்ந்தால் தோட்டமே இல்லை! பாறை நிற்கிறது, சவுக்கு நிற்கிறது, நடுவில் இருந்ததெல்லாம் சாலையில் கிடக்கிறது. கீழே சாலையோரம் மனைவி சியூனே வேர்க்கடலை விற்கும் கொட்டகை இருந்த இடத்தில் வெறும் சேறு. ஐயோ!

விழுந்தடித்து ஓடினான். அங்கே போங்கேரே வெறுங்கையால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். "சியூனே! தங்கச்சி!"

"நான் இங்க இருக்கேண்ணே!"

வளைவில் நின்ற வண்டிக்குக் கடலை விற்க ஓடியவள், கூடையும் கையுமாக நின்றாள். கொட்டகையில் வேறு யாரும் இருக்கவில்லை.

அதற்குள் கூடிவிட்ட ஊர்க்கூட்டம், குச்சிகளை அளக்க வரும் சாலைத்துறை ஆக்னஸ் வந்து சேர்ந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டது. "போன வாரம்தானே அளந்த? மலை அசையலன்னு சொன்னியே!"

"குச்சியெல்லாம் நேரா நின்னுச்சே! மண்ணு நகர்ந்தா குச்சியும் நகரணும். ஒரு விரல் எறங்கியிருந்தாலும் அன்னைக்கே சாலைய மூடியிருப்பேனே!" அவள் அழுதுவிட்டாள்.

கௌபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவள விடுங்க. நாந்தான்... நாந்தான் தெனமும் நேராக்கினேன். போங்கேரே என் நெலத்த அமுக்குறான்னு நெனச்சேன்."

"நானா? நான் அந்தக் குச்சிய தொட்டதே இல்லடா!" சேறு சொட்டும் கைகளோடு போங்கேரே திகைத்து நின்றான்.

சியூனே கூடையைக் கீழே போட்டாள்.

"யோவ், மலை தெனமும் உங்கிட்ட சொல்லிருக்கு. நீ அது வாயப் பொத்திருக்க! எதுக்கு வச்சதுன்னு கேக்காம எச்சரிக்கைக் குறியில கை வைக்கிறவன், சொந்த வீட்டுக்கே குழி வெட்டுறான். இத ஊரு ஊரா நீயே போய்ச் சொல்லு!"