சனிக்கிழமை ஓடாத எஞ்சின்

ஒகேனக்கல் ஜெட் படகின் எஞ்சின் சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். அன்று வேலைக்கு வராது. வெளியூர்க்காரர்கள்தான் இதற்கு வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மீன் வறுவலில் இன்று காரம் எப்படி என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தப் படகு ஒன்பது வருடம் ஒரு கொட்டகையில் கிடந்தது. எந்த மகராசன் வாங்கிப் போட்டானோ, யாருக்கும் ஞாபகமில்லை. கிராமச் செவிலியர் கோகிலவாணிதான் தேடிப் பிடித்தாள். அக்கரையிலுள்ள கரடித்திட்டுக்குப் பரிசலில்தான் போகவேண்டும். வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி நின்றபோது அங்கே காவேரி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. கோகிலவாணி இக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள், குழந்தை தங்கவில்லை. இப்போது காவேரி மறுபடியும் கர்ப்பம், வெள்ளம் வரும் ஆடியில்தான் மாதம். அந்தப் பயத்தில்தான் பென்னாகரம் போய் மெக்கானிக் சோஹைலைக் கையோடு கூட்டிவந்தாள்.

சோஹைல் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் புகையை மோந்தே நோய் சொல்வான். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். சிலிண்டர் இரண்டிலும் துரு. கார்புரேட்டரில் பெட்ரோல் வெல்லப்பாகாக இறுகியிருந்தது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்புக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் அசைவேனா என்றது. டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தான், சூடு காட்டினான், மரச்சுத்தியால் தட்டினான், அதன் அப்பன் பாட்டனை இழுத்துத் திட்டியும் பார்த்தான்.

அருவிக்கரையில் ஆட்களுக்கு எண்ணெய் மசாஜ் செய்யும் பெரியண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது சீக்கு இல்லீங்க பாய். ஒம்பது வருசம் ஒரே பக்கமா படுத்தா உங்களுக்குந்தான் புடிச்சிக்கும்” என்று லுங்கியை மடித்துக் கட்டினார். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, எஞ்சினைக் குப்புறப் போட்டு, அரைமணி நேரம் படார் படார் என்று அறைந்தார். எஞ்சின் ‘அப்பாடா’ என்றது. பிஸ்டன் கையோடு வந்துவிட்டது. பிறகு சிலிண்டரைக் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டனும் புது ரிங்கும் புது சீலும் போட்டு சோஹைல் கோத்து முடித்தான்.

ஆற்றில் இறக்கிய நாள் சனிக்கிழமை. ராசிக்கு இருக்கட்டும் என்று பெரியண்ணன் இன்னொரு முறை தேய்த்துவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. எஞ்சின் தும்மத் தொடங்கியது. தும்மலுக்கு இருபதடி வீதம் படகு பின்னால் போனது. மீன் வறுக்கும் சென்னம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். “அறிவிருக்குதா உங்களுக்கு? எண்ண தேச்ச ஒடம்ப பச்சத் தண்ணில வுடுவாங்களா?” வெந்நீரில் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, மிளகு ரசம் ஊற்றியதும்தான் தும்மல் நின்றது. ருசி கண்ட எஞ்சின் விடுமா? வாராவாரம் சனிக்கிழமை எண்ணெய் கேட்டது. குளித்து முடித்தால் குறட்டை.

ஆடி வெள்ளத்தில் பரிசல் நின்றது. சனிக்கிழமை மத்தியானம் காவேரிக்கு வலி என்று போன் வந்தது. எஞ்சின் அப்போதுதான் தலை துவட்டி அயர்ந்திருந்தது. சாவியைத் திருகித் திருகி சோஹைலுக்கு விரல் சிவந்துவிட்டது.

“எண்ண தேச்ச நாள்ல பகல்ல தூங்கக் கூடாது சாமி, எந்திரி” என்று பெரியண்ணன் கெஞ்சினார். குறட்டை கூடியது.

கோகிலவாணிக்கு அழுகை முட்டியது. “போன தடவ இங்கதான் நின்னேன். இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்ததிலேயே பெரிய சிரிஞ்சை எடுத்து எஞ்சினுக்கு நேராக நீட்டினாள். “எந்திரிக்கிறியா, ஊசி போடட்டா?”

யாரும் சாவியைத் தொடவில்லை. அவள் படகில் இரண்டாவது காலைத் தூக்கி வைப்பதற்குள் அது நல்லெண்ணெய்ப் புகையோடு நடு ஆற்றில் இருந்தது.

காவேரிக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ. எஞ்சின் விட்ட தூக்கத்தை ஞாயிறும் திங்களும் தூங்கித் தீர்த்தது. அக்கரைக்காரர்களும் மனசாட்சி உள்ளவர்கள். அதற்கப்புறம் மூன்று வருடத்தில் பதினேழு பிரசவம் ஆகிவிட்டது. கரடித்திட்டில் சனிக்கிழமை மட்டும் யாருக்கும் வலி எடுப்பதில்லை.