ஐந்து நிமிட நிறுத்தம்

வானொலி நிலையத்துக் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா என்று தனியாக ஏதோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பில் அப்படி இல்லை. இரும்புக் கம்பம் முழுவதுமே ஆன்டெனாதான். தரையைத் தொடாமல், மின்சாரம் கடத்தாத ஒரு பீங்கான் கட்டையின்மேல் அது நிற்கும். அடி முதல் நுனி வரை மின்சாரம். ஆனாலும் மின்கம்பியில் பறவை உட்காருவதுபோல ஆள் அதில் தொற்றி ஏறலாம். ஒரே நிபந்தனை, கால் தரையை விட்ட பிறகுதான் கை கம்பத்தைத் தொட வேண்டும். அதாவது குதிக்க வேண்டும். கால் தரையிலும் கை கம்பத்திலும் ஒரே சமயத்தில் இருந்தால், மின்சாரம் ஆள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும்.

நிர்வாக இயக்குநருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நிலையத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர் அவர். ‘ஆள் ஏறும்போது ஒலிபரப்பை நிறுத்தவும்’ என்று வேலியில் பலகை மாட்டியவர். கம்பம் ஏறும் வேலைக்கு மனைவியின் தம்பியைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பிறகு விளம்பரப் பிரிவுக்கு மாறினார். நன்றாக விற்றார். மாடியில் நிர்வாக இயக்குநர் அறைக்கே வந்துவிட்டார்.

அன்று மாலை சோப்புக் கம்பெனி முதலாளி அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். முதலாளியின் செலவில் நடக்கும் நேரடிப் பாட்டுப் போட்டி அறை வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருட ஒப்பந்தத்திலும் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அப்போது மச்சினனிடமிருந்து போன்.

“அத்தான், உச்சி வெளக்கு அவுட்டு. இருட்டுறதுக்குள்ள எரியலைன்னா ஏர்போர்ட்காரங்க தோலை உரிச்சிடுவாங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, ஏறிடுறேன்.”

“இப்பவா? போட்டி போயிட்டிருக்கு. குதிச்சு ஏறேன், நீ ஏறாத கம்பமா?”

“மழை பெஞ்சு கீழ சொதசொதன்னு கிடக்கு. பலகை மாட்டினதே நீங்கதானே?”

“தொந்தி போட்டுடுச்சு, குதிக்க முடியலைன்னு சொல்லேன் மச்சான்.”

“அக்கா சமையல் உங்களுக்குத்தானே, எனக்கெங்க தொந்தி?” என்று சிரித்தவன், குரலை இறக்கினான். “அப்ப நிறுத்த மாட்டீங்க?”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

“பார்த்து ஏறு” என்று போனை வைத்தார் நிர்வாக இயக்குநர்.

முதலாளி ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பாட்டு சட்டென்று அறுந்தது. கண் இமைக்கும் நேரம்தான். மறுபடி வந்துவிட்டது.

கம்பத்து மின்சாரம் தப்பான வழியில் தரைக்கு ஓடினால் ஒலிபரப்புக் கருவி தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பெரும்பாலும் மின்னல்தான் காரணம் என்பதால், கேட்பவர் கவனிக்கும் முன்பே தானாக மீண்டும் இயங்கும். மூன்றாம் முறையும் துண்டித்தால்தான் நிரந்தரமாக நிற்கும். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் நிர்வாக இயக்குநர்தான். அவருடைய முதல் பதவி உயர்வு அதற்காகத்தான் கிடைத்தது.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. மின்னல் இல்லை.

“சத்தம் நல்லா தெளிவா இருக்கு சார்” என்றபடி முதலாளி பேனாவைத் திறந்தார்.

மறுபடி அறுந்தது. மறுபடி வந்தது.

நிர்வாக இயக்குநர் போனைப் பாய்ந்து எடுத்துக் கம்பத்தடி அறையின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பாட்டு மூன்றாம் முறை அறுந்தது. வரவில்லை.

“என்ன சார், நின்னுபோச்சு? அஞ்சு நிமிஷத்துல வந்துடுமா?” என்றார் முதலாளி.

எதிர்முனையில் கருவி இயக்குபவர் மூச்சிரைக்க எடுத்தார்.

“சார்… காலு வழுக்கிடுச்சு சார். மொத தடவை கட் ஆனப்ப ‘ஆஃப் பண்ணு’ன்னு கத்தினாரு. அவரு கம்பத்துலேருந்து கையை எடுக்குறதுக்குள்ள அதுவே ஆன் ஆயிடுச்சு சார்.”