இதைவிட மெதுவாக ஓடுவது

கிரேன்காரர் படுத்த படுக்கையாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் கால் போனது, அப்புறம் கை, கடைசியில் நாக்கு. மிஞ்சியது கண்ணும் வலது கைக் கட்டைவிரலின் நுனியும் மட்டும். அந்த விரலும் ஒரு நகத்தின் அகலத்துக்குத்தான் அசையும். நாற்பது டன் சரக்கைத் துறைமுகத்தில் அந்தரத்தில் நிறுத்தி இறக்கிய மனிதர், இப்போது அந்த நக அகலத்தை வைத்துத்தான் பேசினார்.

அவர் பேசியது ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாக. துறைமுகத்தில் கூட வேலை செய்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அவருக்கென்றே ஒரு புரோகிராம் எழுதி, பழைய மௌஸ் ஒன்றைப் பிரித்துப் பொத்தானும் செய்து விரலடியில் கட்டிவிட்டிருந்தார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். பச்சை வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வரும்போது ஒரு அழுத்து. பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு அழுத்து. ஒவ்வொரு நகர்வுக்கும் 'டிக்' என்று சத்தம். ஒரு வாக்கியத்துக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். "என்னைத் திட்டணும்னா மட்டும் ஒரே நிமிஷத்துல முடிச்சிடுவாரு" என்பாள் அவர் மனைவி.

அந்த எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப்போட்டு எந்நேரமும் அதற்கு ஒரு மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தார்கள். போட்டால் உயிர் வர ஒன்பது நிமிடம். வாரத்துக்கு இரண்டு முறையாவது உறைந்து நின்றுவிடும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அப்படித்தான் நின்றது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே தையல் மிஷினில் பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஒரே ஒரு எழுத்து: மூ.

"மூக்கு அரிக்குதா?"

அவர் கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தார். இல்லை என்று அர்த்தம்.

"மூத்திரமா? மூட்டு வலிக்குதா?"

இல்லை. இல்லை.

"மூடணுமா? ஜன்னலையா? மூணு மணிக்கு யாராச்சும் வர்றாங்களா?"

கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். திறந்தாள். நாலு நிமிடம் அப்படியே போயிற்று. திரும்பிப் பார்த்தபோது அவர் உதடு நீலமாகியிருந்தது.

அது மூச்சு. தொண்டைக்குள் சளி அடைத்திருந்தது. உறிஞ்சும் குழாயை எடுத்துச் செருகும்போது இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை இறங்கி, சளி வந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர் அப்போதுதான் கண்ணைத் திறந்தது.

சாயங்காலம் நாத்தனாரை ஃபோனில் கூப்பிட்டாள். "என்னால முடியலம்மா. இந்தப் பெட்டி உங்க அண்ணனைக் கொன்னுரும்."

"நான் எத்தனை தடவை சொன்னேன் அண்ணி? இப்ப வர்ற பெட்டியெல்லாம் கண்ணிமைக்கிறதுக்குள்ள ஓடும். நான் எடுத்துத் தர்றேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

கிரேன்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு உணவுக்கு முன் எழுதினார்: "அவசரப்படாத. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. அப்புறம் மாத்து."

"சரிங்க" என்றாள்.

அப்படித்தான் செய்வதாகவும் இருந்தாள். ஆனால் புதுப் பெட்டி வந்த நாளில் அந்த அறையில் இரண்டுக்கு இடமில்லை. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் தையல் மிஷின், நடுவில் ஒற்றை மேசை. பெட்டியைக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் பழசிலிருந்த புரோகிராமை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். புதுப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். எட்டு விநாடி. ஒன்பது நிமிடம் எங்கே, எட்டு விநாடி எங்கே! புரோகிராமும் திறந்தது, அதே எழுத்து, அதே பச்சை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

"பழசை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்க்கா. இங்க எதுக்குக் குப்பை?" என்றார் கடைக்காரர். அவரே தூக்கினார். அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

பொத்தானை விரலடியில் கட்டிவிட்டுத் தொடக்கத்தை அழுத்தியதும் பச்சை ஓட ஆரம்பித்தது. ஓடியது என்று சொல்ல முடியாது, பறந்தது. 'டிக்' ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கவில்லை. கொசு ரீங்காரம் போல ஒரே இழுப்பாகக் கேட்டது. கிரேன்காரர் அழுத்தினார். ழ விழுந்தது. மறுபடி அழுத்தினார். ங. ழ. ஞ. பன்னிரண்டு எழுத்து விழுந்தது. ஒன்று கூட அவர் சொல்ல வந்ததில்லை. விரல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்காரரை ஓடிப்போய் அழைத்து வந்தாள். அவர் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இதை எழுதினவரு கடிகாரக் கணக்குல எழுதல. பெட்டி எவ்வளவு வேகமா எண்ணுதோ அந்த வேகத்துலயே பச்சையும் ஓடுற மாதிரி விட்டுட்டாரு. பழைய பெட்டி நடந்துச்சு, இது பறக்குது."

"வேகத்தைக் குறைச்சுடுங்களேன்."

"அவரு எழுதி வெச்ச மூலப் பிரதி இருந்தாத்தான் கை வைக்க முடியும். அது அவரு கூடவே போயிருக்கும்."

வேறு ஏதோ புரோகிராமைப் போட்டுப் பார்த்தார். அது அந்தப் பொத்தானையே மதிக்கவில்லை. எழுத்தின் வரிசையும் வேறு.

"பழசைத் திருப்பித் தந்துடுங்க. அது போதும் எங்களுக்கு."

கடைக்காரர் தரையைப் பார்த்தார். "அது அப்பவே வந்த லோடுல போயிடுச்சுக்கா. உடைக்கிற கோடவுனுக்கு."

மூன்று நாள் கிரேன்காரர் கண்ணைத் திறக்கவில்லை. உணவுக் குழாயில் கஞ்சி இறங்கியது, மூச்சு வந்தது, போனது. அவ்வளவுதான். அவள் அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி முகத்துக்கு நேரே பிடித்தாள். "நான் விரலை வெச்சுக்கிட்டே வர்றேங்க. வேணுங்கற எழுத்துல கண்ணை மூடித் திறங்க." மூடியே கிடக்கிற கண்ணை எதை வைத்துப் படிப்பது?

"என்னங்க, பேச வேணாம். திட்டுங்க. ஒரு தடவை கண்ணைத் திறந்து முறைங்க, போதும்."

இமை அசையவில்லை. அவள் காலர் தைக்க உட்கார்ந்தாள். ஊசி ஏறவில்லை. அவர் தொண்டையில் சின்னச் சத்தம் வந்தால்கூட எழுந்து ஓடினாள். இப்போது 'மூ' என்றுகூடச் சொல்ல வழியில்லை அவருக்கு. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தாள்.

நாலாம் நாள் காலை நாத்தனாரை வரவழைத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அண்ணி, இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது" என்று நாத்தனார் அழுதாள்.

"அழறதுன்னா அப்புறம் அழும்மா. இப்ப அவரு நெஞ்சை மட்டும் பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் விட்டுப்போன புரோகிராம் பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

கோடவுன் ஊருக்கு வெளியே இருந்தது. உள்ளே ஆளுயரத்துக்குப் பெட்டிகள். எல்லாம் ஒரே பழுப்பு நிறம். குவியலின் அடியில் உட்கார்ந்து, கையுறை போட்ட ஒரு பெண் திருப்புளியால் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பெட்டி தேடி வந்தேங்கக்கா. பக்கத் தகடு இருக்காது."

"இங்க எதுக்குத்தாம்மா தகடு இருக்கு? தேடு, கெடச்சா எடுத்துக்க."

மூன்று மணி நேரம் தேடினாள். விரல் கிழிந்தது. கடைசியில் கிடைத்தது. முன்புறத்தில் உடைந்த இடத்தை அவள் காலர்த் துணியால் ஒட்டியிருந்ததை வைத்துக் கண்டுபிடித்தாள். தூக்கினால் இலவம்பஞ்சு மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. போர்டைப் பிடுங்கி ஏற்கெனவே சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

வெறும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்த இரும்புக் குப்பையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிரிக்கிற பெண் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்டாள். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள் இவள்.

"ஏம்மா, உனக்கு வேண்டியது அந்தப் பெட்டியா, அந்த வேகமா?"

இவள் புரியாமல் பார்த்தாள்.

"அதே வயசுப் பெட்டி இங்க எம்புட்டோ கெடக்கு. வர்றவன் எல்லாம் இருக்கறதுலயே வேகமா ஓடுறது எதுன்னு கேப்பான். மெதுவா ஓடுறது வேணும்னு கேக்குற மொத ஆளு நீதான். வா, போட்டுப் பாப்போம்."

காவலாளி அறையில் ஒரு திரை இருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வந்து மாட்டினார்கள். ஒன்றில் உயிரே இல்லை. இன்னொன்று புகைந்தது. மூன்றாவது ஓடியது, ஆனால் பச்சை பாய்ந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. காதைத்தான் தீட்டிக்கொண்டாள். ஆறு வருடமாக அந்த 'டிக்'குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மிஷின் மிதித்திருக்கிறாள். கால் தரையில் தானாகத் தட்டியது.

"வேகம்."

அடுத்தது. "இன்னும் வேகம்."

எட்டாவது பெட்டி நீண்ட நேரம் முனகிவிட்டு எழுந்தது. டிக். டிக். டிக். அவள் கால் ஒரு கணம் பின்தங்கி, பிறகு எட்டிப் பிடித்தது.

"கொஞ்சூண்டு வேகமா இருக்குக்கா. இதைவிட மெதுவா ஓடுறது இருக்கா?"

"இதைவிட மெதுவான்னா செத்த பெட்டிதாம்மா" என்றாள் அந்தப் பெண்.

ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டு வந்தாள். நாத்தனார் கதவைத் திறந்தாள். புதுப் பெட்டியை மேசையிலிருந்து இறக்கி, பழசை ஏற்றி, மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். எட்டரை நிமிடம் காத்திருந்தார்கள்.

டிக். டிக்.

கிரேன்காரரின் இமை நடுங்கியது. திறந்தது.

முதல் எழுத்து தப்பு. இரண்டாவதும் தப்பு. பழகிய தாளத்தை விட ஒரு இழை முந்திக்கொண்டு ஓடியது பச்சை. நெற்றியில் வியர்வை அரும்பியது. அவள் துடைத்தாள். துடைக்கிற கையை விலக்கச் சொல்லிக் கண்ணால் அதட்டினார். நாற்பது நிமிடம் ஆயிற்று.

"கோவம்னு நெனச்சியா."

"ஆமாங்க. சொல்லாமக் கொள்ளாம தூக்கிக் குடுத்துட்டேன்ல."

மறுபடி டிக், டிக். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நாத்தனார் விளக்கைப் போட்டாள்.

"பயம்."

அவள் அவர் கையை எடுக்கப் போனாள். பொத்தான் கட்டிய கை என்பது நினைவு வந்து, மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தாங்க. செத்துப் பொழச்சேன்."

அவர் இன்னும் எழுதினார். "இதுவும் ஒரு நாள் நிக்கும். புதுசைக் குடுத்துறாத. யாரையாவது பிடி. புதுசா எழுதச் சொல்லு."

விரல் சோர்ந்துவிட்டது. ஆனால் கண் திறந்தேதான் இருந்தது.

அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவருக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் இருப்பதாகவும், கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்றும், கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். முடியுமா, எத்தனை நாள் ஆகும், அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை.

"எந்த வேகத்துல ஓடணும்னு அவரு கேப்பாருக்கா. என்ன சொல்ல?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். ஃபோனைப் பெட்டியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். "இதைவிட ஒரு இழை மெதுவா. கேக்குதா? பதிவு பண்ணிக்குங்க. இந்தப் பெட்டி ஓடுறப்பவே பண்ணிக்குங்க."

கை வலித்தது. மாற்றிப் பிடித்தாள்.