கடிகாரத்தின் பின்மூடி

கொச்கோர் சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து இஷெனாலியின் வலது கை சும்மா இருக்கவில்லை. இடது மணிக்கட்டின் மேல் சட்டைக் கையை இழுத்து மூடும். மறுகணமே விலக்கிப் பார்க்கும். ஏற்கெனவே சாவி கொடுத்த கடிகாரத்துக்கு இன்னொரு தரம் சாவி கொடுக்கும். தெரிந்த முகம் ஏதாவது எதிரே வந்தால் கை சட்டென்று கோட்டுப் பைக்குள் போய்விடும்.

அந்தத் தங்கக் கடிகாரம் அவருடைய அப்பாவினுடையது. பனி கால்நடைகளைக் கொன்ற ஒரு வருஷத்தில் மந்தையைக் காப்பாற்றியதற்காகக் கூட்டுப்பண்ணை கொடுத்த பரிசு. அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தது. அண்ணன் படுத்த படுக்கையில் அதைக் கழற்றித் தம்பியின் கையில் கட்டினார். அந்த அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை நினைவு விருந்து. பள்ளத்தாக்குகள் தாண்டிச் சொந்தங்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் கொழுத்த பெட்டைக் குதிரை ஒன்றை அறுக்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் பேர் அன்றோடு சரி. வீட்டில் இருப்பதோ ஒரு கறவை மாடும், அவர் ஏறிப் போகும் பழுப்புக் குதிரையும்தான். பழுப்பு மலையேறும், ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும்.

"மாட்டை அறுத்துட்டுப் போவோமே, கொழுந்தனாரே. வர்றவங்க கறி திங்க வர்றாங்களா, உங்க நிமிர்ந்த கழுத்தைப் பார்க்க வர்றாங்களா?" என்று காலையில் அண்ணி சைராகான் கேட்டாள்.

அந்த ஊரில் மருமகள்கள் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. சைராகான் அவரைக் கொழுந்தனார் என்பாள். எரிச்சல் வந்தால் நிமிர்ந்த கழுத்து என்பாள்.

"ஆயுசு பூரா குதிரையோட கிடந்த மனுஷனுக்கு மாட்டுக்கறியா, அண்ணி? நான் செத்தா எனக்குக் கோழி அறுங்க. அண்ணனுக்குக் குதிரைதான்."

சொல்லிவிட்டுப் பழுப்பின் மேல் ஏறி வந்துவிட்டார்.

பழைய கடிகாரங்கள் வாங்கி விற்கும் தாவுத்தின் கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைநகரத்து ஆள், பெயர் ஷைலோபெக், ஏரிக்கரையில் விடுதிகள் வைத்திருப்பவர். தாவுத் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் அவரே கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்மூடியில் பொறித்திருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"குதிரை வளர்ப்பாளர் மம்பெத்குல் அவர்களுக்கு... ஓகோ! சொல்லுங்க பெரியவரே, என்ன விலை?"

இஷெனாலி சொன்னார். அந்த ஆள் உடனே தலையாட்டினார். இஷெனாலிக்கு அது நெருடியது. சந்தையில் பேரம் பேசாமல் வாங்குகிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"கொறைக்கக் கேக்கலையே, தம்பி. எதுக்கு வாங்குற?"

"பையனுக்குப் பெரிய இடத்துல பொண்ணு பார்த்திருக்கோம். ஏழு தலைமுறைக்குப் பேர் கேக்குற ஆளுங்க. எங்க தாத்தா மம்பெத்குல்னு சொல்லி இதைக் காட்டினா, அப்புறம் வாயைத் திறப்பாங்களா?"

தாவுத் சிரித்துவிட்டார். "உங்க தாத்தா கழுதை மேல உப்பு வித்தவர்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க?"

"அதைக் கல்யாணத்துலயா சொல்றது?"

இஷெனாலி கையை நீட்டினார். "கொடு இப்படி. நான் கடிகாரம் விக்க வந்தேன். அப்பாவை விக்க வரல."

"பேர் அதுல இருக்கு பெரியவரே. ரெண்டும் சேர்ந்துதானே வரும்?"

"குதிரையை வித்தா தலைக்கயிறு யாருக்கு?"

ஷைலோபெக் விழித்தார். தாவுத்தான் பதில் சொன்னார். "வித்தவனுக்கு. கயிறு போனா வீட்டு ராசியும் கூடப் போயிடும்."

"அந்த மாதிரிதான் இந்த மூடி. இது எனக்கு. மிச்சத்தை எடுத்துக்க."

"மூடி இல்லாம எனக்கு எதுக்கு? மணி பார்க்க போன் இருக்கு." எழுந்த ஷைலோபெக் வாசலில் திரும்பி நின்றார். "விலையை ரெட்டிப்பாக்குறேன். யோசிங்க."

பக்கத்துத் திடலில் பெட்டைக் குதிரைகள் கனைத்தன. இரண்டு குதிரை வாங்கலாம். விருந்து முடிந்தும் மிஞ்சும். தலைநகரத்துக் கல்யாணம் ஒன்றில் அப்பா வேறொருவனுக்குத் தாத்தாவாக இருந்துவிட்டுப் போகட்டுமே, இங்கே யாருக்குத் தெரியப் போகிறது? இஷெனாலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு கடிகாரத்தைத் தாவுத்தின் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"நெம்பி எடுங்க."

மூடி சின்னச் சத்தத்தோடு பெயர்ந்து வந்தது. உள்ளே சக்கரங்கள் கூச்சமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஷைலோபெக் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எஃகு மூடி போட்டு விற்றுக்கொள்கிறேன் என்று தாவுத் கொடுத்த விலை நியாயமானதுதான். ஆனால் குதிரைக்குப் போதாது.

குதிரைத் திடலில் அவர் நாலு தரம் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு வியாபாரி பழுப்பின் கால்களைத் தடவிப் பார்த்து, "இவனையும் சேர்த்துக் கொடுங்க, கொழுத்ததா ஒண்ணைத் தர்றேன்" என்றான்.

இஷெனாலி பழுப்பின் கண்ணைப் பார்க்காமல் தலைக்கயிற்றைக் கழற்றினார். வியாபாரியும் தன் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொண்டான். பழுப்பின் கயிறு பெட்டையின் தலையில் ஏறியது. சேணத்தை அதன் முதுகில் போட்டாரே தவிர, அவர் ஏறவில்லை. பெட்டை வியர்த்தால் கொழுப்பு இறங்கிவிடும். வழியெல்லாம் நடந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே வெளுத்த தோல் மட்டும் இருந்தது.

சைராகான் முற்றத்தில் நின்றிருந்தாள்.

"குதிரை எங்க?"

"முன்னால நிக்குதே, தெரியலையா?"

"இது இல்ல. உங்களைச் சுமக்குறது."

"நடக்கக் கால் இருக்கு, அண்ணி."

அவள் கண் அவருடைய மணிக்கட்டுக்குப் போனது. "அதையும் கொடுத்துட்டு, இதையும் கொடுத்துட்டு... நிமிர்ந்த கழுத்து! அந்தக் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதுக்குள்ள ஏதாவது இருக்கா?"

அவர் மூடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் எழுத்துக்கூட்டினாள். உதடு அசைந்து, பெயர் வரும் இடத்தில் நின்றது. மாமனார் பெயரை அவள் கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. முக்காட்டு நுனியால் அதைத் துடைத்தாள்.

"மாமா வீட்டோடதான் இருக்கார்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "நாளைக்கு ஆத்துத் தண்ணி யார் முதுகுல வரும்?"

"என் முதுகுலதான்."

பெட்டையைக் கட்டிவிட்டுத் திரும்பியவரின் வலது கை, தன் போக்கில், சட்டைக் கையை மறுபடியும் விலக்கியது. அவள் பார்த்துவிட்டாள்.

"மணி என்ன, கொழுந்தனாரே?"

இஷெனாலி கழுத்தை நிமிர்த்தி வெயிலைப் பார்த்தார்.

"கத்தி தீட்ட நேரம் இருக்கு."