தேமல்

பசுமைக்குடில் வாசலில் நாலு பெண்கள் தொட்டி சுமக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். ஃப்ளோரா ஒவ்வொருத்தியாக வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் பல்லைப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பல்லை மட்டுமே பார்த்தாள்.

அடையாறில் இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் சில வருஷமாகத் தக்காளியை வைத்துத்தான் வேலை. வாடல் நோய் புகுந்தால் ஒரு தோட்டமே தலை தொங்கிவிடும். சுண்டைக்காய்ச் செடியிடம் அந்த நோயின் பாச்சா பலிக்காது. கிருமி நுழைந்ததும் அதை இனங்கண்டு செடியை உசுப்பிவிடும் ஒரு ஏற்பி அதற்குள் இருந்தது. அதற்கான மரபணுவைத் தக்காளிக்குள் வைத்திருந்தார் டாக்டர் மஹதி. கிருமித் தண்ணீர் ஊற்றிய பிறகு சாதாரணச் செடிகள் துவண்டு விழ, மாற்றிய செடிகள் மட்டும் நிமிர்ந்து நின்ற காலையில், மண் நிரப்பும் பாஞ்சாலிதான் ஓடிவந்து உதவியாளர் ஃப்ளோராவை இழுத்துப்போய்க் காட்டினாள். "நம்ம புள்ளைங்க நிக்கிதுங்க பாரும்மா" என்றாள்.

அந்தச் செடிகளின் இலைகளில்தான் இப்போது வெளிர்பச்சைத் திட்டுகள். தேமல் நோய். அது வைரஸால் வருவது. சுண்டையின் ஏற்பிக்கு அதை அடையாளம் தெரியாது. புகையிலை தொட்ட கையிலிருந்துகூட அது செடிக்கு ஒட்டும்.

"நான் கேட்டா சொல்ல மாட்டாங்க ஃப்ளோரா. நீங்களே வாயைப் பார்த்துடுங்க" என்றார் மஹதி.

அவரைப் பார்க்க வந்து, குடிலுக்குள்ளும் நுழைந்து போகிறவர்களில் சிகரெட் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். அதைச் சொல்ல ஃப்ளோராவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளுடையதும் தற்காலிக வேலைதான். அந்த மாதம் நீட்டிப்பு வர வேண்டும். சரி மேடம் என்று சொல்லிவிட்டாள்.

வரிசையில் கடைசி ஆள் பாஞ்சாலி. கேட்பதற்கு முன்பே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடவாப் பல்லு வலிம்மா. அதுக்கோசரம் வூட்ல கொஞ்சம் போயில அடக்கிக்குவேன். இங்க வந்தா போட மாட்டேன், சத்தியமா."

"கைய எடுங்கக்கா" என்றாள் ஃப்ளோரா.

பல் கறுத்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மஹதி நின்றிருந்தார். ஃப்ளோரா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காண்டிராக்டர் பாஞ்சாலிக்குப் பதில் வேறு ஆளை அனுப்பினார். செடிகளையெல்லாம் பிடுங்கி அழித்த அந்த வாரம் முழுக்க மற்றப் பெண்கள் ஃப்ளோராவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு சோதனை முடிவு வந்தது. விதைக்காமல் மிச்சம் வைத்திருந்த விதையிலேயே வைரஸ் இருந்தது. விதைக்கும் முன்பே மருந்தில் ஊறவைத்து விதை நேர்த்தி செய்திருக்க வேண்டும். அவசரத்தில் கூடத்தில் யாரும் செய்யவில்லை. பாஞ்சாலியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று ஃப்ளோரா கேட்டாள்.

"அதான் புது ஆள் வந்தாச்சே. இதை இனிமே கிளற வேண்டாம்." மஹதி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃப்ளோராவுக்கு நீட்டிப்பு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து, சங்கரா மீன் வாங்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் கடைகளுக்குப் பின்னால் அதை ஆய்ந்து வாங்கப் போனாள். அங்கே செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள் பாஞ்சாலி. ஆற்றோரக் குடிசையை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவைத்த குடும்பம். அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் ஃப்ளோரா நினைத்தாள். அதற்குள் பாஞ்சாலி பார்த்துவிட்டாள்.

"எப்டி கீறம்மா? புள்ளைங்க நல்லா கீதுங்களா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றாள் ஃப்ளோரா. பிறகு, உங்களால் வந்ததில்லை அக்கா, விதையிலேயே இருந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

பாஞ்சாலியின் கத்தி நின்றது. "நெசமாவா? நாந்தான் சாவடிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன். எம் பொண்ணு கொளந்த பெத்துக்கினு வந்துகீறா. கொளந்தய இந்தக் கைல இன்னும் நான் வாங்கல."

பாஞ்சாலி ஃப்ளோரா கையிலிருந்த மீனைத் தானே வாங்கி, செதில் எடுத்து, குடல் நீக்கி, அலசிப் பையில் போட்டாள். பையின் வாயை முடிந்தாள். வாளித் தண்ணீரில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி ஒரு தரம் கழுவினாள். பிறகு பையை ஃப்ளோராவின் நீட்டிய கையில் கொடுக்காமல், பக்கத்துக் கல்மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கம்மா."