விழுங்கும்போது கேட்ட டிக்

1

இந்தக் கதை என் இடது காதில் தொடங்கியது. மூன்று நாள் சளி. நான்காம் நாள் காலையில் வலி மூக்கை விட்டுக் காதுக்குக் குடிபோனது. தலையணை இரண்டை அடுக்கி, வெதுவெதுப்பான துணியைக் காதோரம் ஒத்திக்கொண்டு படுத்திருந்தேன். வீட்டின் சத்தமெல்லாம் பஞ்சுப் பொதிக்குள் போய்விட்டது. அங்கிருந்து ஒருத்தி நடந்து வந்தாள்.

2

அவள் பியானோவுக்குச் சுருதி கூட்டு—

(வேண்டாம். பியானோவை நான் தொட்டதுகூட இல்லை.)

அவள் தையல் மெஷின் பழுதுபார்ப்பவள். ஓடும் மெஷினில் திருப்புளியின் முனையை ஊன்றி, கைப்பிடியை இடது காதோடு ஒட்டிக் கேட்பாள். எங்கே தேய்மானம் என்று திறக்காமலே சொல்லிவிடுவாள். தெருவின் தையல்காரர்கள் அந்தக் காதை நம்பித்தான் வருகிறார்கள். அவளுக்கும் சளி, அதே காதில் வலி. என்னிடம் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்?

3

நூல் அறுகிறது என்று அவளுடைய அண்ணி தன் மெஷினைக் கொண்டுவந்தாள். மறுநாள் காலைக்குள் நாற்பது சீருடைக்கு ஓரம் தைத்தாக வேண்டும். ஊசி மழுங்கியிருந்தது, மாற்றியாயிற்று. ஆனாலும் ஒருமுறை காது கொடுக்காமல் இவள் எதையும் திருப்பித் தரமாட்டாள்.

"மூஞ்சியே வீங்கிக் கிடக்கு. காதுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடவா?"

"மெஷினுக்கு விடுங்க அண்ணி. காதுக்குள்ள எதையும் விடாதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வலி மாத்திரை போட்டிருக்கேன்."

"குச்சியில பஞ்சு சுத்தியாவது..."

"அது இன்னும் மோசம். காய்ச்சல் ஏறினா, சீழ் வந்தா, நானே டாக்டர்கிட்ட ஓடுறேன். இப்ப கொஞ்சம் வாயை மூடுங்க, கேக்கணும்."

"என் வாயை மூடத்தான் உனக்குக் காது வலியே வந்துச்சு போல."

மெஷினை ஓடவிட்டுத் திருப்புளியைக் காதோடு ஒட்டினாள். எச்சிலை விழுங்கிக் காத்திருந்தாள்.

டிக்.

"உள்ள என்னமோ தட்டுது அண்ணி."

(வலது காதால் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். அவள் கைக்கு அந்த வழி தெரியாது.)

4

மெஷின் முழுவதும் இப்போது பாகம் பாகமாகச் செய்தித்தாளின் மேல் பரப்பிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெந்நீர் குடித்தேன். ஒரு மடக்கு. டிக். இன்னொரு மடக்கு. டிக்.

என் காது. அந்தச் சத்தம் மெஷினுடையதே இல்லை. அரைத்தூக்கத்தில் அதை அவள் காதிலும் வைத்து எழுதியிருக்கிறேன்.

அங்கே அவளும் எச்சிலை விழுங்குகிறாள். டிக். கை நிற்கிறது.

5

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறாள். அண்ணி சிரிக்கிறாள், சாயங்காலத்துக்குள் தெருவே சிரிக்கிறது. இனி அந்தக் காதை யார் நம்புவார்கள்?

இன்னொரு முடிவு: நல்ல ஸ்க்ரூ ஒன்றை மாற்றி, "இதுதான் அண்ணி கோளாறு" என்கிறாள். யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த மெஷினில் காது வைக்கும்போது அவளே அதை நம்புவா—

இல்லை, இரண்டும் என்னால் முடியவில்லை. குற்றம் என்னுடையது; தண்டனையை அவளுக்கு எப்படி எழுதுவேன்?

கடைசி ஸ்க்ரூவை முடுக்குகிறாள். அண்ணி குனிந்து கேட்கிறாள்: "என்னடி கோளாறு?"

அவள் வாயைத் திறக்கிறாள். உதடு அசைகிறது. எனக்கு இந்தப் பக்கம் முழுக்க அடைத்துக் கிடக்கிறது.

உங்களுக்குச் சளி இல்லையே? கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள்.