கடைவீதியில் நின்றுவிட்ட நிழல்

பாலக்காட்டு நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே உள்ள எங்கள் கடைவீதியிலிருந்து, ஜவுளிக்கடை மோகனசுந்தரத்தின் வெள்ளைக் கார் சென்ற மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு வெளியேறியது. அதன் நிழல் வெளியேறவில்லை. பஞ்சாயத்து ஓவர்சியர் டேப் பிடித்து அளந்ததில் நிழல் பதினான்கடி நீளமும் ஆறடி அகலமும் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிகள் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அது வெறும் தரையோடு கிடக்கவில்லை. கார் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குக் குளிர்ச்சி இருந்தது. அதற்கு மேலே கையைத் தூக்கினால் வெயில் வழக்கம்போலச் சுட்டது.

மோகனசுந்தரத்தின் வீடு கடையிலிருந்து முந்நூற்று நாற்பது தப்படி. இந்தத் தூரத்தை அவர் பதினோரு வருடங்களாகக் காரில் கடந்துவந்தார். காலை ஒன்பதுக்குக் கடை முன்னால் நிறுத்தினால் கடை சாத்தும்போதுதான் எடுப்பார். கார் நின்றால் முதலாளி உள்ளே இருக்கிறார் என்று பொருள். கார் நிற்காவிட்டால், இருபதடிப் பெயர்ப்பலகை இருந்தாலும் கடை யாருடையது என்று ஊருக்கு மறந்துபோகும் என அவர் உறுதியாக நம்பினார். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வண்டியைக் கழுவி வீட்டு வாசலில் நிறுத்திப் பூஜை போடுவார்கள். இவர் கடை முன்னாலேயே போட்டார். பானெட்டுக்குச் சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சுற்றி உடைக்க ஒரு பூசணிக்காய், கடைசியில் வீதி முழுக்கக் கேட்கும்படி ஒரு வேண்டுதல்: "இந்த எடத்த உட்டு என்னைக்கும் அசையப்படாது சாமீ!" கார் ஓர் இயந்திரம், அதற்கு இதெல்லாம் ஏறவில்லை. பதினோரு வருடமும் நிழல்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வீதியில் கார் நிறுத்த இருந்த இடம் ஏழு. ஏழிலும் ஏழு முதலாளிகளின் கார்கள் நின்றன. துணி வாங்க வருகிறவர்கள் சைக்கிளை மின்கம்பத்தில் சாத்திவிட்டு, விழுந்துவிடுமோ என்று ஒரு கண்ணை வெளியே வைத்து மறு கண்ணால் சேலை பார்த்தார்கள். ஆகவே ஏழு இடத்தையும் சைக்கிளுக்கே விடுவது என்று பஞ்சாயத்துக் கமிட்டி முடிவெடுக்கப்போனது. வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் மோகனசுந்தரம் நாற்பது நிமிடம் பேசினார். 'பாரம்பரியம்' ஒன்பது முறை வந்தது. "ஏனுங்க, கார் நிக்காத கடைய எவனுங்க மதிப்பான்?" என்று முடித்தார். எதிர்க்கடை டீ மாஸ்டர் கந்தப்பன் எழுந்து, "மொதலாளி, நீங்க கார ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள நான் உங்கூட்டுக்குப் போயிக் காலி கிளாஸ வாங்கிட்டு வந்துருவனுங்க" என்றார். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது. அந்தத் திங்கட்கிழமை மற்ற ஆறு கார்களும் நிழலோடு ஒழுங்காகப் போய்விட்டன.

நிழலில்லாத கார் யார் கண்ணிலும் படவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில், வண்டி நிறுத்தக் கை காட்டுகிறவர் இடம் காலியாக இருக்கிறதென்று இன்னொரு காரை அதன் மேலேயே வரச்சொன்னார். பக்கத்து வீட்டம்மா பானெட்டில் மிளகாய் காயப்போட்டார், திண்ணை என்று நினைத்து. காரிலிருந்து இறங்கிய மோகனசுந்தரத்திடமே, "இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று நான்கு பேர் இரக்கப்பட்டார்கள். நிழலை மீட்டுத்தரும்படி அவர் பஞ்சாயத்துக்கு அபேட்சை மனு கொடுத்தார். செக்ரட்டரி ஜோஜோ மூன்று நாள் சட்டப்புத்தகம் புரட்டிவிட்டு, "சாரே, கார் நின்னா தண்டம் உண்டு. நிழல் நின்னா ஒண்ணும் எழுதியிட்டில்ல. அது வருதுன்னா கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக் காரைக் கொண்டுவந்து நிழலின் மேல் கச்சிதமாக நிறுத்தி, அரைமணி நேரம் பேசிப்பார்த்தார். காரை எடுத்தபோது நிழல் அங்கேயே இருந்தது. முன்பு காருக்கடியில் படுக்கும் நாய் மட்டும் திரும்பி வந்து அதில் படுத்துக்கொண்டது.

நிழலில் பன்னிரண்டு சைக்கிள் பிடித்தது. சித்திரை வெயிலில் மற்ற சீட்டெல்லாம் தோசைக்கல்லாக இருந்தபோது இங்கே மட்டும் ஜில்லென்று இருந்தது. வயல் வேலை முடித்து வந்த பெண்கள் நிம்மதியாக நிறுத்திவிட்டு, முதலில் தெரிந்த வாசலில் நுழைந்து, இரண்டு கண்ணாலும் சேலை பார்த்தார்கள். கடை நிரம்பியது. முதலாளி இருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் மோகனசுந்தரத்தைத் தூங்கவிடவில்லை. தான் இல்லாமலே கடை நன்றாக நடக்கும் என்பதைத் தாங்கும் உடம்பு அவருடையதல்ல. வண்டன்மேட்டு ஏலக்காய் விவசாயி பிச்சைமணிக்குக் காரை விற்றார். அங்கே வருடத்தில் பாதி நாள் மஞ்சுமூட்டம், எந்தக் காருக்குமே நிழல் விழுவதில்லை. பிச்சைமணிக்கு இன்றுவரை குறையொன்றும் தெரியாது.

ஆடியில் மோகனசுந்தரம் ஒரு சைக்கிள் வாங்கினார். முதல் நாள் ஒன்பது மணிக்கு வந்தபோது தன் நிழலிலேயே தனக்கு இடமில்லை. டிரைவர் சீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கடையில் வேலை பார்க்கும் மௌனிகாவின் சைக்கிள் நின்றது. "நேரமே வரோணுங்க மொதலாளி" என்றாள் அவள், கூச்சமே இல்லாமல். அவர் வெயிலில் நிறுத்தினார். அப்போது புதிதாக வந்த ஒரு பெண், "இது யார்து நெழலுங்க்கா?" என்று விசாரிக்க, வாடிக்கைக்காரி சின்னத்தாயி, "அதா நிக்கறாங்களே, அவிய நெழலு. ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்து" என்றாள். அந்தப் பெண் கேட்டாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க, அதுக்கென்ன" என்று மோகனசுந்தரம் ஒரு ஜமீனையே எழுதிக்கொடுப்பதுபோல் கையை வீசினார். மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்டார்கள். அவர் எட்டரைக்கே வந்து நின்று அனுமதி வழங்கினார். பொள்ளாச்சி பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை 'மொதலாளி நெழல்' என்று கூவ ஆரம்பித்தார்கள்; கார் இருந்த காலத்தில் அது வெறும் 'ஜவுளிக்கடை'.

மழைக்காலம் வந்தது. வெயிலே இல்லாத நாட்களிலும் நிழல் இருந்தது. தரை நனைந்தால் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். பஞ்சாயத்து அதற்கு ஆஸ்தி நம்பர் போட்டுவிட்டது. இந்த வருட ஆயுத பூஜைக்கு மோகனசுந்தரம் பானெட் இருந்த பக்கமாகத் தரையில் சந்தனம் வைத்து, நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயும் உடைத்தார். சைக்கிளுக்கு மட்டும் வீட்டு வாசலில் வைத்தே பூஜை போட்டார். வேண்டுதல் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை.